படம் எடுப்பது காசுக்கா, ஆசைக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதினோரு வருடம் தமிழ்ப் படங்களில் தயாரிப்புப் பக்கம் வேலை பார்த்தேன். முதலில் கேஷியர், பிறகு மேனேஜர். சாயங்காலம் பேட்டா என்கிற தினப்படி கொடுப்பது, வவுச்சரில் கையெழுத்து வாங்குவது, லொகேஷன் வாடகை கட்டுவது, ராத்திரி கணக்கை முடித்துத் தயாரிப்பாளரிடம் காட்டுவது எல்லாம் என் பொறுப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் டீக்கடையில் நின்றாலும் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சினிமாக்காரங்க காசுக்காக எடுக்கறாங்களா, இல்ல கலை மேல உள்ள ஆசையிலயா?" அதையும் அதைத் தொட்டு வருகிற மற்றக் கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்களேன். காசா, ஆசையா?

ஒரே வரியில் சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு சாதாரண படப்பிடிப்பில் நூறு பேர் நிற்பார்கள். மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது பத்து வருடக் காத்திருப்பு. ஜெனரேட்டர் ஓட்டுபவருக்கு அது அன்றைய கூலி. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் இருக்கும் ஃபைனான்சியருக்கு அது மாத வட்டி. எல்லாரும் சேர்ந்துதான் ஒரு படம்.

ஆனாலும் இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உண்டு. படத்தைத் தொடங்க வைப்பது பெரும்பாலும் ஆசைதான். அது எந்த உருவத்தில் வெளியே வருகிறது என்பதைக் காசு தீர்மானிக்கிறது. எவ்வளவு காசு என்பதைவிட, எப்படிப்பட்ட காசு என்பதுதான் முக்கியம். சொந்தக் காசா, வட்டிக் காசா, முன்கூட்டியே விற்று வந்த காசா, ஊர் கூடிப் போட்ட காசா என்பதைப் பொறுத்துப் படமே மாறும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வரும்.

தயாரிப்பாளர் லாபத்துக்குத்தானே வருகிறார்?

லாபம் வேண்டாம் என்று யாரும் வருவதில்லை. ஆனால் லாபம் மட்டும்தான் வேண்டும் என்றால் புறவழிச் சாலையோரம் இரண்டு மனை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தமிழில் இப்போது வருடத்துக்கு 200 படங்களுக்கு மேல் வெளியாகின்றன. அவற்றில் போட்ட பணத்தை எடுப்பவை கொஞ்சம்தான். இது தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் பனியன் கம்பெனியில் சம்பாதித்ததையும் செங்கல் சூளையில் சம்பாதித்ததையும் எடுத்துக்கொண்டு வடபழனிக்கு வருகிறார்கள். சிறு வயதில் டென்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்த படம் அவர்களை விட்டுப் போகவில்லை. என்னிடம் வந்த புதுத் தயாரிப்பாளர்களில் பாதிப் பேர் முதல் சந்திப்பில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கொட்டகையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

எஸ்.ஏ.ராஜ்கண்ணுவை நினைத்துப் பாருங்கள். பாரதிராஜா தன் முதல் கதையை எடுத்துக்கொண்டு முதலில் அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனிடம் போனார். அங்கே பணம் கிடைக்கவில்லை. அந்தக் கதையை எடுக்க முன்வந்தவர் ராஜ்கண்ணு. அவருக்கும் தயாரிப்பில் அதுதான் முதல் படம். ஸ்டுடியோ செட் கிடையாது, கிராமத்திலேயே போய் எடுத்தார்கள். '16 வயதினிலே' முடிந்ததும் விநியோகஸ்தர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். வாங்க ஆளில்லாமல் ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். 1977 செப்டம்பரில் வந்த அந்தப் படம் பிறகு எப்படி ஓடியது என்பது ஊருக்கே தெரியும். லாபம் வந்தது வாஸ்தவம். ஆனால் லாபத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று எழுந்து போன பிறகு வந்த லாபம் அது.

அந்தப் படத்தில் ஸ்ரீதேவி ஸ்லோமோஷனில் ஓடி வருவார். அதற்கான கேமராவை வாடகைக்கு எடுக்க பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. அதனால் அவரையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். காசு இல்லாத இடத்தை ஒரு பெண்ணின் உடம்பும் ஒரு கேமராமேனின் கண்ணும் சேர்ந்து நிரப்பியிருப்பது தெரியும்.

சரி, பணம் உண்மையில் எங்கிருந்துதான் வருகிறது?

சொந்தப் பணம் போட்டு முழுப் படத்தையும் முடிப்பவர்கள் குறைவு. கொஞ்சம் கைக்காசு, அதற்கு மேல் ஃபைனான்ஸ், அதற்கும் மேல் முன்விற்பனை என்றுதான் பெரும்பாலும் போகும். மத்திய அரசு 1998-ல் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தது. வங்கிக் கடன் வந்துவிடும் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நடைமுறையில், அடமானம் வைக்கச் சொத்து இல்லாத சின்னத் தயாரிப்பாளருக்கு வங்கி இன்றைக்கும் கதவைத் திறப்பதில்லை. அதனால் தனியார் ஃபைனான்சியர்தான் கதி.

அவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? படத்தை நம்பி. படம் வெளியே போகும் வாசலில் அவர் உட்கார்ந்திருப்பார். ஃபிலிம் காலத்தில் அந்த வாசல் லேப். ஃபைனான்சியரிடமிருந்து கடிதம் வந்தால்தான் லேப்பில் பிரின்ட் போடுவார்கள். இப்போது டிஜிட்டல் காலம். படம் பூட்டிய கோப்பாகத் தியேட்டர் சர்வருக்குப் போய்விடும். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியை கே.டி.எம். என்கிறோம். எந்தத் தியேட்டரின் எந்த சர்வரில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓடலாம் என்பது அதில் அடங்கியிருக்கும். பாக்கி செட்டில் ஆகும் வரை சாவி வராது. "தவிர்க்க முடியாத காரணங்களால் காலைக் காட்சி ரத்து" என்று தியேட்டர் வாசலில் எழுதிப் போட்டிருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

அப்படி ஒரு வியாழக்கிழமை ராத்திரி எனக்கு மறக்காது. தி.நகரில் ஓர் அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். விடிந்தால் படம் ரிலீஸ், நாற்பது லட்சம் துண்டு விழுகிறது. படத்தை வாங்கப் பேசி முடித்திருந்த ஓர் ஏரியாவின் விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். தயாரிப்பாளர் போன் மேல் போனாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இயக்குநருக்கு அது முதல் படம். உள்ளே உட்கார முடியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ராத்திரி ஒரு மணிக்கு அவர் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார், எந்தத் தியேட்டருக்குப் போகவேண்டும், எத்தனை மணிக்கு என்று கேட்டு. "மதியம் போம்மா, காலைல கூட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். பிறகு உள்ளே வந்து, தனக்கு வரவேண்டிய கடைசித் தவணைச் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேமராமேனும் போட்டார். கதாநாயகன் தன் பங்குக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். சாவி வந்தபோது காலை பதினொன்று. அந்தத் தாளை ஃபைலில் வைத்தது நான்தான். ஆசைக்கு விலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

வட்டி, கதையைக் கூடத் தொடுமா?

தொடும். கணக்குக்காக இரண்டு கோடி, மாதம் மூன்று வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆறு லட்சம். படம் ஒன்றரை வருடம் இழுத்தால் 1 கோடியே 8 லட்சம் வட்டிக்கே போய்விடும். அதாவது, திரையில் ஒரு ஃபிரேமிலும் தெரியாத செலவு, வாங்கிய கடனில் பாதிக்கு மேல்.

இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "மழை வரட்டும், அந்த வெளிச்சத்தில் எடுக்கலாம்" என்று இயக்குநர் சொன்னால் தயாரிப்பாளரின் முகம் எப்படி இருக்கும்? அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு மழையும் ஒரு தவணை. நாற்பது நாளில் எடுக்கவேண்டிய கதை இருபத்தெட்டு நாளில் முடிகிறது. பத்து ஷாட்டில் யோசித்த காட்சி நாலு பேர் நின்று வசனம் பேசுவதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம், வியாபாரம் ஆகவேண்டுமே என்று ஒரு காமெடி டிராக், ஒரு குத்துப்பாட்டு. படம் பார்த்துவிட்டு நாம், "காசுக்காக எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். காசுக்காக எடுத்தது இல்லை அது. காசு கழுத்தைப் பிடித்து எடுக்க வைத்தது. கந்துவட்டிச் சுமை தாங்காமல் உயிரையே விட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் "லாப வெறி" என்ற சொல்லைத் தயாரிப்பாளர்கள் எல்லார் மேலும் வீசுவது எனக்கு உடன்பாடு இல்லை.

எம்.ஜி., அவுட்ரேட், ஷேர் என்றெல்லாம் பேசுகிறார்களே?

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என ஏரியாக்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு ஏரியாவை மொத்தமாக ஒரு விலைக்கு விற்றுவிட்டால் அவுட்ரேட். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் கொடுத்து, அதற்கு மேல் வந்தால் பங்கு என்றால் எம்.ஜி. கமிஷனுக்கு மட்டும் வெளியிட்டுக் கொடுத்தால் டிஸ்ட்ரிபியூஷன். டிக்கெட்டில் வரி போக மிஞ்சுவதைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள், அந்தப் பங்குதான் ஷேர். முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் பெரும்பங்கு, வாரம் ஏற ஏறத் தியேட்டருக்கு. ஆகவே "நூறு கோடி வசூல்" என்று போஸ்டரில் பார்த்தால், அந்த நூறும் தயாரிப்பாளர் பையில் விழுந்ததாக நினைத்துவிடாதீர்கள். அவர் கைக்கு வருவது அதில் பாதியை எட்டுவதே பெரிது.

வியாபாரி என்றாலே ரசனை இல்லாதவர்தானே?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தென்னிந்திய சினிமாவையே தொடங்கி வைத்தது வியாபாரிகளும் சம்பளக்காரர்களும்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905-ல் ஊருக்குப் படம் காட்ட வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக டென்ட் போட்டுப் படம் காட்டப் போனார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு மின்சாரமே இல்லாத ஊர்களுக்குப் பெட்டி தூக்கிப் போனவரை, லாபக் கணக்கு மட்டும் இழுத்துப் போயிருக்குமா?

நடராஜ முதலியார் மோட்டார் உதிரி பாகம் விற்றவர். படம் எடுக்கக் கற்றுக்கொள்ள புனே வரை போய், ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பாடம் கேட்டார். சென்னையில் அவர் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப் படம். 35,000 ரூபாய் செலவழித்து 50,000 ரூபாய் வசூல் பார்த்ததாகப் பதிவுகள் உண்டு. நல்ல வியாபாரம்தான். ஆனால் அதே தொழிலில் அவருடைய ஸ்டுடியோவில் தீப்பிடித்து மகனையும் இழந்தார். 1923-ல் சினிமாவை விட்டே விலகிவிட்டார்.

அப்புறம் எஸ்.எஸ்.வாசன். தபாலில் பொருள் விற்றுப் பிழைத்தவர், ஆனந்த விகடனை வாங்கி நடத்தியவர், விளம்பரத்தின் ருசி தெரிந்தவர். தலை முதல் கால் வரை வியாபாரி. அந்த மனிதர்தான் 'சந்திரலேகா'வுக்கு ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் செலவழித்தார். முரசு நடனம் ஒன்றுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள், மாதக்கணக்கில் ஒத்திகை. சுமார் 30 லட்சம் செலவு. 1948-ல் இது என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள். சொத்தை அடகு வைத்து எடுத்தார். தமிழில் மட்டும் அந்தச் செலவை எடுக்க முடியாது என்று தெரிந்ததும் இந்தியிலும் எடுத்து, அதே வருடம் நாடு முழுக்கக் கொண்டுபோனார். முரசுக் காட்சியில் பெண்கள் முரசு மேல் ஏறி ஆடுகிறபோது நான் பார்ப்பது லாபமா, ஆசையா? அது இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருந்த காலம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லாபம் எதிர்பார்க்காத காசில் படம் எடுக்கவே முடியாதா?

முடிந்திருக்கிறது. ஆனால் அதற்கும் ஒருவர் விலை கொடுத்திருப்பார். 'பதேர் பாஞ்சாலி'யை சத்யஜித் ராய் 1952-ல் தொடங்கினார். விளம்பர நிறுவன வேலையை விடாமல், கிடைத்த நாட்களில் எடுத்தார். இன்சூரன்ஸ் பாலிசியையும் மனைவியின் நகையையும் அடகு வைத்தார். பணம் தீர்ந்து படம் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயரில் 'பாதை' இருக்கிறதே என்று, சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தச் செலவை எழுதினார்கள். படம் 1955-ல் வெளிவந்தது.

எனக்கு இன்னும் பிடித்தது ஷியாம் பெனகலின் 'மந்தன்'. 1976-ல் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். படம் வெளியானதும் தங்கள் படத்தைப் பார்க்க அவர்களே லாரி லாரியாக வந்தார்கள். மலையாளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் 'ஒடேஸா' என்ற திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் சில்லறை திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். நம் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். இந்தக் காசுக்கு வட்டி இல்லை, கடைசி நிமிடத்தில் சாவியை மறிக்க ஆளில்லை. அதனால் அந்தப் படங்களில் மழைக்குக் காத்திருக்க முடிந்தது.

இப்போதைய உதாரணம் வேண்டுமென்றால் பி.எஸ்.வினோத்ராஜ். மதுரைப் பக்கத்துப் பையன். சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர். சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபடி உலகப் படங்களைப் பார்த்தவர். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே தாய் வீட்டுக்கு வந்ததுதான் 'கூழாங்கல்' படத்துக்கு வித்து. 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை வாங்கியது அந்தப் படம். தமிழுக்கு அது முதல் முறை. ஆனால் தமிழ்நாட்டில் நாம் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருந்தோம், அதுவும் ஓ.டி.டி.யில். படம் எடுக்க வழி கிடைத்தது, காட்ட வழி கிடைக்கவில்லை. ஆசைப்பட்டு எடுத்த படங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆர்வம் இருந்தால் சம்பளம் கேட்கக் கூடாது என்கிறார்களே, சரியா?

தவறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேஷியராக நான் தினமும் பார்த்த காட்சி ஒன்று உண்டு. சாயங்காலம் பேக்கப் ஆனதும் ஒரு மேசையைப் போட்டு உட்காருவேன். லைட்மேன், கிரேன் ஆள், மேக்கப் உதவியாளர், சமையல் ஆள் என வரிசையாக வந்து பேட்டா வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்கெல்லாம் சங்கம் இருக்கிறது, அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெப்சி இருக்கிறது. கூலி இவ்வளவு, கால்ஷீட் நேரம் தாண்டினால் இவ்வளவு என்று எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு, மறுநாள் எடுக்கவேண்டிய சீன் பேப்பரைக் கையில் வைத்தபடி, கொஞ்சம் தள்ளி உதவி இயக்குநர்கள் நிற்பார்கள். காலையில் முதலில் வந்தவர்களும் அவர்கள்தான், கடைசியாகப் போகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் பெயர் என் நோட்டில் பல நாள் இருக்காது. "படம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். சாலிகிராமத்தில் ஒரே அறையில் ஆறு பேர், வாடகை மூன்று மாதம் பாக்கி. ஒருநாள் ஒரு தம்பி என்னிடம் தனியாக வந்து, "அண்ணே, ஊருக்குப் போக பஸ் காசு மட்டும் வவுச்சர்ல போட முடியுமா, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்று கேட்டான். அந்தப் படம் விருதெல்லாம் வாங்கியது. அவன் திரும்பி வரவில்லை.

சம்பளம் கொடுத்தால் ஆர்வம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒரு லைட்மேன் அண்ணனைப் பற்றிச் சொல்வேன். ஐம்பது வயதுக்கு மேல். சங்கக் கூலி பைசா பாக்கி இல்லாமல் வாங்குபவர். ஒருநாள் பேக்கப் சொல்லியாகிவிட்டது, அவர் பேட்டாவும் வாங்கிவிட்டார். அப்போது இயக்குநர், கதாநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு குளோசப் வேண்டும் என்றார். மற்றவர்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்க, அண்ணன் ஏணியில் ஏறி விளக்குக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினார். இறங்கி வந்து முகத்தைப் பார்த்தார். மறுபடி ஏறி இரண்டு விரல்கடை நகர்த்தினார். "மூக்கு நிழல் கண்ணு மேல விழுதுப்பா" என்றார், யாரும் கேட்காமலே. அந்த இரண்டு விரல்கடைக்கு எந்த வவுச்சரும் கிடையாது. கூலி ஒழுங்காகக் கிடைத்த மனிதருக்குத்தான் அதைக் கவனிக்க மனது இருந்தது. பசியோடு நிற்பவனிடம் கலை மேல் உள்ள பிரியத்தைக் காட்டி வேலை வாங்குவது, அந்தப் பிரியத்துக்கே செய்கிற துரோகம்.

பெரிய நடிகர்களின் சம்பளம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறதா?

பட்ஜெட்டில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போனால், கேமரா முன்னால் வைக்கக் காசு மிஞ்சாது. இது உண்மை. ஆனால் அதே நட்சத்திரக் காசு சில சமயம் திரும்பியும் வந்திருக்கிறது. மணிகண்டனின் 'காக்கா முட்டை'யைத் தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். இரண்டு சேரிப் பையன்கள் பீட்ஸா தின்ன ஆசைப்படும் கதை. 2015-ல் தேசிய விருதும் வாங்கி, தியேட்டரிலும் நன்றாக ஓடியது. நாயகன், நாயகி, சண்டை என்று எதுவும் இல்லாத அந்தக் கதையை எடுத்துக்கொண்டு வட்டிக்குக் கேட்டுப் போயிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

ஓ.டி.டி. வந்ததும் நிலைமை மாறவில்லையா?

கொரோனா காலத்தில் மாறியது போல இருந்தது. தியேட்டர் மூடியிருந்தது, ஓ.டி.டி. நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கின. நல்ல கதை இருந்தால் போதும், கடனை அடைத்துவிடலாம் என்று நம்பிப் பலர் படம் தொடங்கினார்கள். பிறகு அந்த நிறுவனங்கள் கையை இறுக்கிக்கொண்டன. "முதல்ல தியேட்டர்ல எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்" என்கிறார்கள். தியேட்டரில் காட்சி கொடுப்பதோ பெரிய படங்களுக்கு. சின்னப் படத்துக்குக் காலைக் காட்சி ஒன்று கிடைக்கும், அதுவும் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். திங்கட்கிழமை நண்பர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு நீங்கள் போனால் படம் இருக்காது. உங்களால் முடிந்தால் வெள்ளிக்கிழமையே போங்கள். நான் அப்படித்தான் போகிறேன்.

பார்க்கும்போதே ஒரு படம் ஆசைப்பட்டு எடுத்ததா என்று தெரியுமா?

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இது: குறைத்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்ற இடத்தில் செலவு செய்திருக்கிறார்களா? செலவு என்றால் பணம் மட்டும் இல்லை, நேரமும்தான். அம்மா பாத்திரம் கட்டியிருக்கும் சேலை துவைத்துத் துவைத்து வெளுத்ததா, கடையிலிருந்து அன்றைக்கு வாங்கி வந்ததா என்று பாருங்கள். பின்னால் நடந்து போகும் துணை நடிகர் எங்கேயோ போகிற மாதிரிப் போகிறாரா, சும்மா நடக்கச் சொன்னதால் நடக்கிறாரா என்று பாருங்கள்.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 1978-ல் வந்தது. செந்தாழம்பூவில் பாட்டுக்குப் போவதற்கு முன்னால் எடுக்கவேண்டிய கொஞ்சம் பகுதிக்கு இனிமேல் செலவு செய்ய முடியாது என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் சொல்லிவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வசனமே அதிகம் இல்லாத படத்தைப் பார்த்து அவர் பயந்துபோயிருந்தார். அந்தப் பகுதியை எடுக்கப் பணம் கொடுத்தவர் கமல்ஹாசன். அவர் அந்தப் படத்தில் நடிக்கவே இல்லை. பாட்டு நேராகத் தொடங்கியிருந்தால் நம்மில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டோம். ஆனாலும் அது வேண்டும் என்று ஒருவர் துடித்தார், இன்னொருவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

லாபம் எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்தப் படம் என்ன ஆகிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் அதிகம் பேர் கேட்டதில்லை. ஆனால் காசா, ஆசையா என்பதற்கான பதில் இங்கேதான் பளிச்சென்று தெரியும் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன 'கீசக வதம்' இன்று ஓர் அடிகூட இல்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கும். ஓடி முடித்த பிரின்ட்களைக் கரைத்து அந்த வெள்ளியை எடுத்து விற்றார்கள். மிஞ்சியவற்றில் எத்தனையோ, லேப்பில் வாடகை கட்ட ஆளில்லாமல் கிடந்து அழிந்தன. பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. தேசிய விருது பெற்ற படம், அர்ச்சனாவுக்கும் விருது வாங்கிக் கொடுத்தது. அதன் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பற்றி பாலு மகேந்திரா தன் கடைசிக் காலத்தில் வேதனையோடு பேசினார். அது ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்த படம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த படம்.

உங்கள் தாத்தாவோ மாமாவோ தியேட்டர் நடத்தியிருந்தால், விநியோகம் செய்திருந்தால், வீட்டுப் பரணில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பாக்கள் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திறந்தால் காடி மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், முழுதாக அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வெயிலில் வைக்காதீர்கள், நீங்களே பிரித்துச் சுற்றாதீர்கள், பழைய ஃபிலிமில் சில வகை சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அந்தச் சீட்டில் படத்தின் பெயர், ரீல் எண், ஏரியா பெயர் எல்லாம் இருக்கும். பல டப்பாக்களில், அதைக் கடைசியாக ஓட்டிய ஆபரேட்டரின் கையெழுத்தும் இருக்கும்.